டாக்டர் ஸிட்னி ரிங்கர்

ஆஸ்பத்திரியிலே நோயாளியின் கட்டிலருகே தலைகீழாய்த் தொங்கும் உப்புநீர்ப் புட்டியைக் காணாதார் நம்மில் அரியர். அதன்மேல் ஒட்டிய சீட்டில் ரிங்கர் லாக்டேட் என்னும் பெயரைப் படித்தாரும் பலராவர்; தாதியர் அதனைச் சுருக்கி ஆர். எல். என்றே வழங்குவர். பேதியால் உடல் வற்றிய குழந்தைக்கும், விபத்தில் உதிரம் இழந்தவருக்கும், சஸ்திர சிகிச்சைக்கு உட்படுவாருக்கும் அது நாள்தோறும் ஏற்றப்படுகின்றது. ஆயின், ரிங்கர் என்பது மருந்தின் பெயரா, அதைச் செய்யும் கம்பெனியின் பெயரா, அன்றி ஓர் ஊரின் பெயரா என வினவின், விடை கூற வல்லார் சிலரே. அஃது இலண்டன் மாநகரில் தொழில் புரிந்து 1910-ஆம் ஆண்டில் மறைந்த ஓர் ஆங்கில வைத்தியரின் பெயர். அவருடைய சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவரை நாம் தெரிந்துகொண்டமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. இருதயத்திற்கே இரத்தம் ஊட்டும் கரோனரித் தமனிகள் அடைபட்டபோது, காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயை இணைத்து, அடைப்புக்கு அப்பால் இரத்தம் செல்ல வழி அமைக்கும் பைபாஸ் என்னும் ரண சிகிச்சை இக்காலத்தில் ஊரறிந்ததாய்விட்டது. அதற்கு உட்பட்டு மீண்ட பெரியோர் நம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். துடித்துக்கொண்டேயிருக்கும் இருதயத்தின்மேல் மயிரிழை போன்ற நூலால் தையலிடுதல் அரிய செயல். சிலர் அங்ஙனமும் செய்வர் எனினும், பெரும்பான்மையும் இருதயத்தை நிறுத்திவிட்டே அதனைச் செய்கின்றனர். நிறுத்திய இருதயத்தின் தசை கெடாதிருப்பது எங்ஙனம்? வேண்டும்போது அது மீண்டும் துடிக்கும் என்பதற்கு உறுதி யாது? இவ்வினாக்களின் அடியைத் தேடிச் செல்வோர் ஈற்றில் வந்து நிற்குமிடம், 1882-ஆம் ஆண்டில் ஒரு தவளையின் இருதயத்தை நோக்கியவண்ணம் ரிங்கர் அமர்ந்திருந்த சோதனைச்சாலை மேசையே ஆகும்.

ரிங்கர் இங்கிலாந்தின் கீழைப் பாகத்திலுள்ள நார்விச் நகரிற் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1835 எனப் பெரும்பாலார் கூறுவர். 1836 என்பாரும் உளர். அவருடைய குடும்பத்தார் ஆங்கிலத் திருச்சபையின் ஆட்சிக்கு உட்படாத புராட்டஸ்டாண்டு வகுப்பினர். தந்தையார் பிள்ளைகள் சிறுவராயிருந்தபோதே இறந்தார். அவ்வீட்டிற் பிறந்த ஆண்மக்கள் மூவரும் மூன்று திசையிற் பேர் பெற்றமை வியப்பே. மூத்தவர் ஷாங்காய் நகரிலே வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினார். இளையவராகிய பிரெடெரிக் ஜப்பான் தேசத்து நாகசாகித் துறைமுகத்திற் குடியேறி, அந்நகரின் அரசர் என்று பிறர் சொல்லும்படி வாழ்ந்தார். அவர் குடியிருந்த மாளிகை அங்கே பாதுகாக்கப்பட்டு இன்றும் காண்போர்க்குக் காட்டப்படுகின்றது. நடுப்பிறந்த ஸிட்னி கடல் கடந்திலர். இலண்டனுக்குச் சென்றார், சென்றவர் அங்கே ஒரு தெருவின் இரு மருங்கிலும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

அத்தெரு கோவர் தெரு. அதன் ஒரு மருங்கில் யூனிவர்ஸிட்டி காலேஜ் என்னும் கல்லூரியும், எதிர்மருங்கில் அதனைச் சார்ந்த ஆஸ்பத்திரியும் உள்ளன. ஆங்கிலத் திருச்சபையைச் சேராதார்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பழைய சர்வகலாசாலைகளின் கதவு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1826-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இக்கல்லூரியோ எம்மதத்தாராயினும் வருக என்று ஏற்றது. 1854-இல் ரிங்கர் அங்கே மாணாக்கராகச் சேர்ந்தார். 1860-இல் வைத்தியப் பட்டம் பெற்றார், 1863-இல் எம். டி. பட்டமும் பெற்று, அவ்வாண்டிலேயே அவ்வாஸ்பத்திரியில் உதவி வைத்தியராயினார். 1866-இல் முழு வைத்தியரானார். இடையே சில ஆண்டு கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் ஊழியம் செய்தார்.

அவர் காலத்தில் ரிங்கர் என்றதும் வைத்தியர்க்கு நினைவு வந்தது உப்புநீரன்று, ஒரு புத்தகம். 1869-இல் அவர் வெளியிட்ட மருந்துப் பிரயோகக் கைந்நூல் 1897-க்குள் பதின்மூன்று பதிப்புக் கண்டது. எந்த மருந்து உடலில் என்ன செய்கின்றது, எந்த அளவில் எந்நோய்க்குக் கொடுக்கலாம் என்பதைத் தாம் கட்டிலருகே கண்டபடி அதில் எழுதினார். அதற்கு முன்னரே, 1865-இல், க்ஷயரோகத்தைக் கண்டறிவதற்கு உடற்சூட்டை அளத்தல் எங்ஙனம் பயன்படும் என ஒரு சிறு நூலும் எழுதியிருந்தார். வெப்பமானியை வைத்தியர் பலர் இன்னும் கையிலெடாத காலம் அது. கல்லூரியில் மருந்து நூற் பேராசிரியர் முதலிய பதவிகளை ஒன்றன்பின் ஒன்றாக வகித்தார். 1887 முதல் ஓய்வு பெறும் வரையில் கட்டிலருகு வைத்தியப் பேராசிரியராக விளங்கினார். நேரந் தவறாமை அவருடன் பிறந்த குணம் என்பர்.

இத்தனைக்கும் நடுவே மனிதர் ஓய்ந்திருந்திலர். ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்த்து முடிந்ததும், தெருவைக் கடந்து கல்லூரியின் உடலியற் சோதனைச்சாலைக்குச் செல்வார். அங்கே தவளையின் இருதயத்தை வைத்துச் சோதனை செய்வார். பின்னர் மீண்டும் நோயாளரிடம் திரும்புவார். தமக்கென ஒரு சோதனைச்சாலையோ, ஆராய்ச்சிக்கென ஒரு சம்பளமோ அவருக்கில்லை. காவெண்டிஷ் பிளேஸிலிருந்த தம் வீட்டிலும் நோயாளரைப் பார்க்கவேண்டியிருந்தது. இருபது ஆண்டுக்காலம் இவ்வாறு நடந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதுவது சரித்திரமாகாது. மர்ரெல் என்னும் வைத்தியர் அவருடன் கூடி மருந்துகளை ஆராய்ந்தவர். மார்பை அழுத்தும் இருதய வலிக்கு நைட்ரோகிளிஸரின் நன்மருந்தென 1879-இல் உலகறியச் செய்தவரும் இவரே. 1883-ஆம் ஆண்டில் ரிங்கரும் மர்ரெலும் ஸோடியம் நைட்ரைட்டு என்னும் மருந்தை ஆஸ்பத்திரி நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்து, அதன் விஷ குணத்தை வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். ஏழை நோயாளர் சோதனைப் பொருளாயினரோ என்று பத்திரிகைகளிற் கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமற்றதென நாம் சொல்லமாட்டோம். தவளையிடத்து அவர் காட்டிய பொறுமையையும், இச்செய்தியையும் ஒருங்கே வைத்துத்தான் அம்மனிதரை அறியவேண்டும்.

இனி அத்தவளையின் கதைக்கு வருவோம். தவளை முதலிய குளிர்ந்த இரத்தமுடைய பிராணிகளின் இருதயம், உடலினின்று பிரித்தெடுத்த பின்னும் சில நேரம் துடிப்பது முன்னரே அறிந்த செய்தி. அதனுள் எந்த நீரைச் செலுத்தினால் அத்துடிப்பு நெடுநேரம் நிலைக்கும் என்பதே கேள்வி. இரத்தத்தைச் செலுத்தினால் நிலைக்கும். அவ்விரத்தத்திலுள்ள எப்பொருளால் நிலைக்கின்றது? ரிங்கர் நூற்றுக்கு முக்காற் பங்கு சமையலுப்புக் கரைத்த நீரை இருதயத்தினுள் ஓடவிட்டு, அதனோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார். வெறும் உப்புநீரிலேயே இருதயம் நன்றாகத் துடித்தது. துடிப்பின் வடிவம் சற்றுத் திரிந்திருந்ததைப் பொட்டாசியம் சேர்த்துச் சீர்ப்படுத்தினார். இம்முடிபுகளை 1882-இல் உடலியற் பத்திரிகையில் அச்சிட்டார். எல்லாம் முடிந்ததெனவே எவரும் எண்ணியிருப்பர்.

பின்னர்ச் சோதனைகளை மீட்டும் செய்தபோது இருதயம் சொற்கேளாமற் போயிற்று. அதே உப்பு, அதே அளவு. ஆயினும் சிறிது நேரத்திற்குள் துடிப்புத் தளர்ந்து நின்றது. வேறுபாடு உப்பிலன்று, நீரிலேயே இருந்தது. முதலிற் செய்த சோதனைகளுக்கு வாலையில் வடித்த நீரைப் பயன்படுத்தியதாக அவர் எண்ணியிருந்தார்; உண்மையிலோ அந்த உப்புநீர் தெருக்குழாயில் வந்த நீராற் கலக்கப்பட்டது. சோதனைச்சாலையில் வேலை செய்த உதவியாளர், நீரை வடித்துக்கொண்டு காலத்தை வீணாக்குவானேன், டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகின்றது என்று எண்ணிக் குழாயைத் திறந்துவிட்டார் என்றொரு வரலாறு வழங்குகின்றது. அவர் தம் முதுமையில் அங்ஙனம் சொன்னதாக உடலியல் வல்லுநர் ஸர் ஹென்ரி டேல் பிற்காலத்தில் தெரிவித்தார். இரசாயன சாலையில் வடித்த நீர்ப் புட்டி காலியாயிருக்கும் வேளையில் குழாயடிக்குச் செல்லும் மாணாக்கர் எக்காலத்தும் உளர். நாமும் அவ்வரிசையில் ஒருமுறை நின்றதுண்டு. ஆனால் நமக்கு அதனால் ஒன்றும் புலப்பட்டிலது.

அக்குழாய்நீர் நியூ ரிவர் கம்பெனியாருடையது. புதிய ஆறு என்று பொருள்படும் பெயரே அன்றி, அது புதியதுமன்று, ஆறுமன்று. ஹெர்ட்போர்டு நாட்டிலுள்ள ஊற்றுக்களின் நீரை இலண்டனுக்குக் கொணர 1613-இலேயே வெட்டிமுடித்த கால்வாய். அவ்வூற்றுக்கள் சுண்ணக் கற்பாறையினூடே கசிந்து வருவன. ஆகவே நீரிற் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 38 பங்கு கால்சியம், அதாவது சுண்ணச்சத்து, கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத, நாவுக்கும் எட்டாத அவ்வளவு சிறிய சத்தே தவளையின் இருதயத்தைத் துடிக்கச் செய்துகொண்டிருந்தது.

இந்நிலையில் ரிங்கர் செய்ததென்ன? முந்திய கட்டுரையைப் பற்றி வாளாவிருந்து, புதிதாய்க் கண்டதைமட்டும் எழுதியிருக்கலாம். குழாய்நீரை வார்த்தவர்மேற் பழியைச் சுமத்தியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்திலர். 1883-இல் அதே பத்திரிகையில் எழுதிய மறுகட்டுரையின் தொடக்கத்திலேயே, தாம் முன்பு பயன்படுத்திய உப்புநீர் வடித்த நீரால் ஆனதன்று, இன்ன கம்பெனியின் குழாய்நீரால் ஆனது என்பதைப் பின்னரே கண்டதாக வெளிப்படையாய்க் கூறினார். அந்நீரிலுள்ள பொருள்களின் அளவையும் கணக்காகக் கொடுத்தார். உதவியாளரின் பெயர் அதில் இல்லை. வடித்த நீரிற் செய்த உப்புநீரில் இருதயம் நின்றுவிடுவதையும், அதனோடு இம்மியளவு கால்சியம் சேர்த்தவுடன் துடிப்பு மீள்வதையும் காட்டினார். பெயர்பெற்ற பேராசிரியர், ஓராண்டு கூடக் கழியாத தம் கட்டுரையைத் தாமே திருத்தினார். அத்திருத்தமே அவர் பெயரை நிலைநிறுத்தியது. முதற்கட்டுரை மட்டும் நின்றிருந்தால் இன்று அவரை நினைப்பார் யார்?

கால்சியத்தோடு அவர் நிற்கவில்லை. கால்சியம் மிகுந்தால் இருதயம் சுருங்கிய நிலையிலிருந்து விரிய மறுக்கின்றது என்று கண்டார். பொட்டாசியம் அதற்கு மாறு. அது மிகுந்தால் இருதயம் தளர்ந்து, விரிந்த நிலையில் நின்றுவிடுகின்றது. ஒன்றன் மிகுதியை மற்றொன்று தணிக்கின்றது. ஆகவே ஸோடியம், பொட்டாசியம், கால்சியம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நின்றாலன்றித் துடிப்பில்லை. அவ்வளவுகளைக் கணித்து அவர் அமைத்ததே ரிங்கர் கரைசல். பின்னர் மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் வடித்த நீரில் விட்டு, சுண்ணச்சத்து இன்றி உயிர் நிலைப்பது எத்துணை அரிதென்பதையும் ஆராய்ந்தார்.

ஏன் இங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அவர் காலத்தார் அறிந்திலர். இன்று ஓரளவு தெளிவாயிற்று. இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள்ளே பொட்டாசியத்தை மிகுதியாகச் சேர்த்து வைத்துள்ளது. வெளியே உள்ள நீரில் அது சொற்பம். அவ்வேற்றுமையால் உயிரணுவின் சவ்வில் மின்னழுத்தம் ஒன்று நிற்கின்றது. துடிப்பு வரும்போது சவ்விலுள்ள வாயில்கள் திறந்து ஸோடியம் உட்புகுகின்றது. தொடர்ந்து கால்சியம் புகுந்து தசையைச் சுருங்கச் செய்கின்றது. வெளிநீரிற் பொட்டாசியத்தை உயர்த்திவிட்டால் மின்னழுத்தம் குறைந்தபடியே நின்றுவிடும். ஸோடிய வாயில்கள் அடைபட்டுப்போம். அடுத்த துடிப்பு எழ வழியில்லை. தசை இறந்ததன்று, உறங்குகின்றது எனலாம். பொட்டாசியத்தைக் கழுவி அகற்றினால் மீண்டும் விழிக்கும். தவளை இருதயத்தில் ரிங்கர் கண்ட அத்தளர்ந்த நிலை இதுவே.

1885-இல் ராயல் சங்கத்தார் அவரைத் தம் அங்கத்தினராகத் தேர்ந்தனர். வெளியுலகில் இங்ஙனம் மதிப்பு உயர்ந்துவந்த அவரது இல்லத்திலோ ஆறாத துயரம் ஒன்று இருந்தது. அன்னி என்னும் அருமை மகள் 1875-இல் சிறு பிராயத்திலேயே இறந்துபோனாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்து, பிறர் மக்களைக் காத்தவர் தம் மகளைக் காக்க இயலவில்லை. யார்க்ஷயர் நாட்டிலே லாஸ்டிங்ஹாம் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித மரியாள் கோயில் மிகப் பழைமையானது. பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய நிலவறைக் கோயில் அதன் அடியில் உள்ளது. சிதைந்துகொண்டிருந்த அக்கோயிலைப் புதுக்கித் தருவதையே மகளுக்கு நினைவுச் சின்னமாக ரிங்கர் தம்பதிகள் கொண்டனர். பியர்ஸன் என்னும் பெயர்பெற்ற சிற்பியைக்கொண்டு, 1879-இல் கல்லாலான வளைவு விதானம் அமைத்து அத்திருப்பணி நிறைவேறிற்று. கட்டுப்பாடுகள் பலவற்றை ஏற்காத வகுப்பிற் பிறந்தவர் திருச்சபையின் கோயிலைப் புதுக்கினார். துயரம் அவ்வேற்றுமையை நினைக்கவிட்டிலது போலும்.

1900-இல் வேலையினின்று ஓய்வு பெற்று, ரிங்கர் லாஸ்டிங்ஹாமிலேயே தங்கினார். மனைவியார் முன்னமே காலஞ்சென்றுவிட்டார். 1910-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கோளாறால் அவரும் இறந்தார். மனைவியும் மகளும் துயிலும் அக்கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் கரைசல் அவரோடு அடங்கிவிடவில்லை. லாக் என்பவர் அதனோடு சர்க்கரை சேர்த்து, முயல் முதலிய வெப்ப இரத்தப் பிராணிகளின் இருதயத்தையும் துடிக்கவைத்தார். 1932-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன், நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் மிகும் அமிலத்தைத் தணிக்கவேண்டி லாக்டேட்டைச் சேர்த்தார். நம் ஆஸ்பத்திரிகளில் தொங்கும் புட்டி அதுவே. இவற்றினும் அரிய பயன் ஒன்று பின்னர் விளைந்தது. அதற்கு இருதயத்தைத் திறக்கும் காலம் வரவேண்டியிருந்தது.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்பவர், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தானே செய்யும் இயந்திரத்தின் துணையால் ஓர் இளம்பெண்ணின் இருதயத்துள்ளிருந்த துவாரத்தைத் தைத்து மூடினார். உடல் முழுமைக்கும் இயந்திரம் இரத்தம் அளிக்கும். இருதயம் ஒன்றற்கே ஆபத்து. ஏனெனின், அது பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைக்கும் கரோனரித் தமனிகளாலேயே உணவு பெறுவது. இரத்தம் மறைக்காத களத்தில் வேலை செய்ய வேண்டிப் பெருந்தமனியை இடுக்கியால் நெரித்தவுடன், ஊரெல்லாம் சோறிட்டவன் வீட்டில் உலை அணைந்தது போல, இருதயத்தின் தசைக்குப் பிராணவாயு நின்றுவிடுகின்றது. துடித்துக்கொண்டே பட்டினி கிடக்கும் தசை தன் சேமிப்பைச் சில நிமிஷங்களிற் கரைத்துவிடும். பிறகு எது செய்தாலும் அது பழைய வலிமையை அடையாது.

துடியாத தசைக்கோ உணவு மிகக் குறைவே வேண்டும். உடற்சூட்டிலேயே இருந்தாலும், வேலை செய்யும் இருதயம் கொள்ளும் பிராணவாயுவிற் சுமார் பத்திலொரு பங்கு அதற்குப் போதும். குளிரச் செய்தால் இன்னும் குறையும். ஆகவே முதலில் நிறுத்து, பின்பு வேலை செய் என்பது வழியாயிற்று. எதனால் நிறுத்துவது? 1955-இல் இலண்டன் ஹாம்மர்ஸ்மித் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டெனிஸ் மெல்ரோஸ் என்பவரும் அவர் துணைவரும் பொட்டாசியம் ஸிட்ரேட்டை இரத்தத்திற் கலந்து கரோனரித் தமனிகளிற் செலுத்தினர். இருதயம் உடனே நின்றது. பல நாட்டுச் சஸ்திர வைத்தியரும் அம்முறையைக் கைக்கொண்டனர். சில ஆண்டுக்குள் துக்கச் செய்திகள் வரலாயின. அங்ஙனம் நிறுத்திய இருதயங்கள் சிலவற்றில் தசை ஆங்காங்கே செத்து மடிந்திருந்தது. பொருள் சரி, அளவு சரியன்று. பொட்டாசியம் வேண்டியதற்கு மிக மேற்பட்டிருந்ததோடு, ஸிட்ரேட்டு கால்சியத்தையும் பிணித்துக்கொண்டது. ரிங்கர் மூன்று உப்புக்களின் நிறைகோலை அத்தனை நுட்பமாய்ப் பிடித்துக் காட்டியிருந்தும், ஒரு தட்டை மட்டும் அழுத்தினர். அதன் பயன் நோயாளர் தலையில் விடிந்தது.

அதன்பின் பொட்டாசியம் என்றாலே பெரும்பாலோர் அஞ்சினர். பனிபோற் குளிர்ந்த உப்புநீரால் இருதயத்தை நனைத்து வேலை செய்தார் சிலர். இடுக்கியைச் சில நிமிஷம் இட்டும், சில நிமிஷம் தளர்த்தியும் விரைந்து தைத்தார் சிலர். ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் போன்ற சிலர் மட்டும் வேறு வகைக் கரைசல்களை ஆராய்ந்து கொண்டிருந்தனர். 1967-இல் கிளீவ்லாந்து நகரில் ரெனே பவலோரோ காலின் சிரையை எடுத்துக் கரோனரித் தமனிக்குப் பாலமிடும் முறையைச் செம்மைப்படுத்தியபின், இருதய ரண சிகிச்சை சிலருக்கன்றி ஆயிரக்கணக்கானோர்க்கு உரியதாயிற்று. அவர்களுடைய இருதயமோ முன்னமே பட்டினியால் மெலிந்தது. 1972-இல் ஹூஸ்டன் நகரத்து டென்டன் கூலி கல்லிருதயம் என்று பெயரிட்டு ஒரு கொடிய விளைவை விவரித்தார். தையலெல்லாம் பழுதின்றி முடிந்திருக்கும், இடுக்கியை எடுத்தபின் இருதயமோ இறுகிச் சுருங்கிக் கல்லைப்போற் கிடக்கும், எம்முயற்சியாலும் விரியாது. இயந்திரத்தை நிறுத்த வழியின்றி, நோயாளி மேசைமீதே மாண்டுபோவார். விரிவதற்கும் தசைக்குச் சக்தி வேண்டும். சேமிப்பு தீர்ந்தபின் அச்சக்தி ஏது?

இதற்கிடையே, 1966-இல், ஸிம்மர்மான், ஹூல்ஸ்மான் என்னும் டச்சுக்காரர் இருவர் எலியின் இருதயத்திற் கால்சியமே இல்லாத நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பின் கால்சியமுள்ள நீரை விட்டனர். இருதயம் பிழைக்கும் என எண்ணுவோம். அது அப்பொழுதே அழிந்தது. அற இல்லாமற் போய்ப் பின் திடீரென வந்த கால்சியத்தை உயிரணுக்கள் தாங்கமாட்டாமல் வெடித்தன. எனவே இருதயத்தை உறங்கவைக்கும் நீரிலும் சிறிதளவு கால்சியம் இருந்தே தீரவேண்டும் என்று பலர் முடிவு செய்தனர். குழாய்நீரிற் கிடந்த அச்சுண்ணத்தை நாம் இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

1973-இல் அமெரிக்காவில் கே, எபர்ட் என்னும் இருவர் பொட்டாசியத்தை அளவு குறைத்துக் கொடுத்தால் தசைக்குக் கேடின்றி இருதயத்தை நிறுத்தலாம் என்று காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் இலண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் டேவிட் ஹெர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும், பிரெயிம்பிரிட்ஜ் என்னும் சஸ்திர வைத்தியரும் சேர்ந்து ஒரு கரைசலை அமைத்தனர். ஹெர்ஸ் எலியிருதயத்தில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கோவர் தெருவில் நடந்த அதே வேலை. ஈற்றில் அவர்கள் வழங்கியது ஒரு சிறு குப்பி. அதில் உள்ளவை பொட்டாசியம் குளோரைடு, மக்னீஷியம் குளோரைடு, புரோக்கெயின் என்பன. அதை எதிற் கலக்கவேண்டும் எனின், ஒரு லிட்டர் ரிங்கர் கரைசலில்.

கணக்கைப் பார்ப்போம். ரிங்கர் கரைசல் என இன்று வழங்கும் நீரில் லிட்டருக்குச் சமையலுப்பு 8.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.3 கிராம், கால்சியம் குளோரைடு 0.33 கிராம். குப்பியிலுள்ள பொட்டாசியம் குளோரைடு சுமார் 1.2 கிராம். கலந்தபின் பொட்டாசியம் ஐந்து மடங்காகின்றது. கால்சியமோ ரிங்கர் விட்ட அளவிலேயே நிற்கின்றது. துடிப்பைக் காக்கும் நீருக்கும், துடிப்பை நிறுத்தும் நீருக்கும் உள்ள வேற்றுமை ஒரு தேக்கரண்டியளவும் இல்லாத உப்பு.

பின்னர் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்து ஜெரால்டு பக்பர்க் முதலியோர், நீருக்குப் பதிலாக நோயாளியின் இரத்தத்திலேயே பொட்டாசியத்தைக் கலந்து செலுத்துதல் நன்றென்றனர். இரத்தமாயின் உறங்கும் தசைக்குப் பிராணவாயுவும் கிட்டுமன்றோ? குழந்தைகளுக்கென முதலில் அமைத்த டெல் நீடோ கரைசலை இப்போது பெரியவர்க்கும் கொடுக்கின்றனர். எது சிறந்தது என்பது சஸ்திர வைத்தியர் மாநாடுகளில் இன்னும் தீராத வழக்கு. வழக்குத் தீர்க்க நாம் வல்லேமல்லேம். எல்லாவற்றிலும் இருதயத்தை நிறுத்துவது பொட்டாசியமே.

அறையில் நடப்பது இது. இயந்திரம் உடலின் இரத்தத்தை ஏற்றுக்கொண்டவுடன், பெருந்தமனியை இடுக்கியால் அடைக்கின்றனர். நான்கு பாகை அளவிற்குக் குளிரவைத்த கரைசலை, இடுக்கிக்கும் இருதயத்திற்கும் இடையே பெருந்தமனியின் அடியிற் செருகிய ஊசி வழியே செலுத்துகின்றனர். வயது வந்தவர்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் செல்லும். அஃது உட்புகுந்து கரோனரித் தமனிகளில் ஓடியதும், மின்கருவித் திரையில் மேலும் கீழுமாய்ச் சென்ற கோடு ஒரு நிமிஷத்திற்குள் நேர்கோடாகின்றது. இருதயம் தளர்ந்து கையில் அடங்கிக் கிடக்கின்றது. இருபது முப்பது நிமிஷத்திற்கு ஒருமுறை மேலும் சிறிது கரைசல் விடுகின்றனர். பாலங்களைத் தைத்து முடித்தபின், இடுக்கியைத் தளர்த்துகின்றனர். வெதுவெதுப்பான இரத்தம் கரோனரித் தமனிகளிற் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிச் செல்கின்றது. வெளிறிய தசை சிவக்கின்றது. அங்கே ஓர் அசைவு, இங்கே ஓர் அசைவு. சில வேளை ஒழுங்கின்றி நடுங்குவதை அடக்க மின்னதிர்ச்சி ஒன்று கொடுக்க நேரும். பெரும்பாலும் அது தானே துடிக்கத் தொடங்கிவிடுகின்றது.